சும்மா நிற்கும்போது ஏறிய ரேஸ்

வண்டி நிற்கும்போது தானாக ரேஸ் ஏறுகிறது என்று என் மச்சினன் சொன்னபோது, மற்ற வண்டிகளுக்கு என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். பானட்டைத் திறந்தேன். அவனை உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருந்தேன். ரேஸ் மெல்ல இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

“இப்ப ஏறாது அத்தான். ரோட்டுல ஏறும்” என்றான்.

எப்போது ஏறும், வண்டி சூடான பிறகா, ஏசி போட்டாலா, சிக்னலில் நிற்கும்போதா என்று கேட்டேன். சில நாள் ஏறும், சில நாள் ஏறாது என்றான்.

என் கேரேஜ் தாராவியில் லேபர் கேம்ப் பக்கம் சாலையை ஒட்டிய ஒரு ஷட்டர். உள்ளே ஒரு வண்டி நிற்கும். இன்னொன்று வந்தால் ரோட்டில்தான் நிற்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு இந்த ஊருக்கு வந்தேன். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்னும் வரவில்லை. பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. மாட்டுங்காவில் அப்பளம், கருப்பட்டி, மிளகாய்வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சியிடம் டிரைவராக இருந்தான். அண்ணாச்சியின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் பாதி நாள் செம்பூரில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். காலையில் கூட்டிப்போய், வாசலில் காத்திருந்து, மதியத்துக்கு மேல் கைத்தாங்கலாகக் கூட்டி வருவது என் மச்சினன். அந்த அம்மாளும் அவனை வீட்டுப் பிள்ளை மாதிரிதான் நடத்தினார். வரும் வழியில் அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் இருக்க மாட்டாராம்.

அதற்கு முன்னால் அவன் குடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சநஞ்சம் இல்லை. கோவண்டியில் அவன் குடியிருந்த சந்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடாத ஆளே கிடையாது. ஒரு கட்டத்தில் அவன் மனைவி பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திலக் நகரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வர வேண்டுமானால் இனி தொடக் கூடாது என்றாள். அவன் கோயிலில் கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் செய்தான். என் மனைவியும் கூடப் போய், தம்பி இனிமேல் தொட்டால் என்னைக் கேள் என்று பொறுப்பேற்றுக்கொண்டு அவளை அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆனால் நம்பிக்கொண்டே அவன் பக்கத்தில் வந்தால் மூச்சை இழுத்துப் பார்ப்போம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அவனுக்கும் அது தெரியும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு நிமிடம் வாசல் பக்கமே நிற்பான். மோந்து பார்த்து முடிக்கட்டும் என்று நிற்கிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது தடவையும் வண்டியைக் கொண்டு வந்தான். நான் ஸ்டார்ட் செய்து பார்த்தபோது மறுபடியும் ரேஸ் சரியாக இருந்தது. சும்மா நிற்கிற இஞ்சின் வேகமாக ஓடுகிறது என்றால் எங்கிருந்தோ தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். காற்றை அளந்து விடுகிற வால்வில் கரி பிடித்திருக்கலாம். ஆக்சிலேட்டர் கேபிள் இறுகி, யாரும் மிதிக்காமலே மிதித்த மாதிரி இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு குழாய் மேலும் ஸ்ப்ரே அடித்துக் காது கொடுத்துக் கேட்டேன். வால்வைக் கழற்றிக் கழுவினேன். கேபிளைத் தளர்த்திப் பார்த்து மறுபடி முறுக்கினேன். எதிலும் குறை இல்லை. பக்கத்து ஷட்டரில் ஒடுக்கெடுக்கும் டிங்கர் வேலை செய்கிறவர் நம் ஊர்க்காரர்தான். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏ மெக்கானிக்கு, ரேஸு வண்டிக்கு ஏறல. ஒம் மாப்ளைக்குல்லா ஏறுது.”

மச்சினன் சிரித்தான். காது சிவந்துபோனது.

அடுத்த தடவை வண்டி வந்தபோது அவன் ஓட்டி வரவில்லை.

மாட்டுங்காவில் அண்ணாச்சி இருக்கிற கட்டடம் பழையது. கீழே தூண்களுக்கு நடுவில்தான் வண்டி நிறுத்துவார்கள். அன்று காலையில் அந்த அம்மாளைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவன் வண்டியை எடுத்திருக்கிறான். வழியில் யாரோ ஒரு ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். கட்டடத்து வாட்ச்மேன் அதை நகர்த்திவிட்டு, தூண் பக்கம் ஒதுங்கி நின்று, வா வா என்று கை காட்டியிருக்கிறார். கியர் போட்டுக் கிளச்சை விட்டதும் வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அந்த மனிதரின் காலைப் பிடித்துக்கொண்டது.

வயதானவர், வடக்கே இருந்து வந்தவர். கீழே கிடந்தபடியே, கூடினவர்களிடம் “பியேலா ஹை” என்றாராம். குடித்திருக்கிறான் என்று. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. என் மச்சினனின் பழைய கதை அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை. வாசனை வந்தது என்று நாலைந்து பேர் சொன்னார்கள். வண்டி தானா ரேஸ் ஆச்சு, நான் மிதிக்கலை என்று அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அண்ணாச்சி வாட்ச்மேனை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது வண்டிச் சாவிக்காகக் கையை நீட்டினாராம். போலீஸுக்குப் போக வேண்டாம், வைத்தியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தக் கட்டடத்து சொசைட்டிக்காரர்களிடம் அவரே பேசி முடித்தார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் இந்த டிரைவர் இனி கட்டடத்துக்குள் வரக் கூடாது என்றார்கள்.

அவன் கோவண்டி போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அவன் மனைவி சண்டை போடவில்லை. வாயை ஊது என்றாளாம். ஊதினான். இந்நேரத்துக்கு வாசனை போயிருக்கும் என்றாளாம். பிறகு எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, வண்டில கோளாறுன்னு சொல்லுதாக. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான்” என்றாள்.

இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதும் வாழாததும் என் கையில் வந்து நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

பம்பர் வேலைக்காக வண்டி டிங்கரிடம்தான் வந்தது. அண்ணாச்சி கடை ஆள் ஒருவர் ஓட்டி வந்தார். வழியில் ரேஸ் ஏறியதா என்று கேட்டேன். இல்லையே, நன்றாகத்தானே வந்தது என்றார். பானட்டைத் திறந்து ஏற்கெனவே பார்த்ததை எல்லாம் மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை கோளாறு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மெக்கானிக் அப்படி நினைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. ரேஸ் இம்மியும் நகரவில்லை.

வீட்டில் என் மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “கோளாறு இருக்குன்னு சொல்லிருங்க. ஒங்க பேச்ச அவ நம்புவா” என்றாள். இல்லாததை எப்படிச் சொல்வது என்றேன். “வண்டிக்கு வாயா இருக்கு? வந்து இல்லன்னு சொல்லவா போவுது?” என்றாள். நான் பேசாமல் சாப்பிட்டேன். நான் பேசாமல் இருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் தம்பி மனைவிக்குப் போன் போட்டு, கொஞ்சம் பொறு, அவர் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்வார் பார் என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் மச்சினன் மனைவி போனில் கேட்டபோது, எனக்குத் தெரிந்த வரைக்கும் கோளாறு இல்லை என்று சொன்னேன். சரிண்ணே என்று வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திலக் நகர் போய்விட்டாள். என் மனைவி அதற்குப் பிறகு சில நாள் எனக்குத் தட்டை எடுத்து வைத்தாளே தவிர எதிரில் உட்காரவில்லை.

மச்சினன் வந்து என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தினமும் கேரேஜுக்கு வந்து, டிங்கர் வெளியே போட்டிருந்த பழைய சீட்டில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள், நானேதான் தெரியாம மிதிச்சுட்டேனோ அத்தான் என்று கேட்டான். இத்தனை பேர் சொல்லும்போது தனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பம்பர் வேலை முடிந்தது. வண்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் கேபிளுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்கலாம் என்று மறுபடி திறந்தேன். ஆக்சிலேட்டரில் இருந்து வருகிற கேபிள் இஞ்சின் பக்கம் ஒரு சின்ன லிவரை இழுக்கும். காலை எடுத்ததும் ஸ்ப்ரிங் அந்த லிவரைத் திருப்பிக் கொண்டு வந்து ஒரு திருகாணியில் முட்ட வைக்கும். முட்டினால்தான் காற்று வழி மூடும், ரேஸ் இறங்கும். அந்தத் திருகாணியின் முனையில் நகக்கண் அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. இரும்பு இரும்போடு முட்டிய தழும்பு இல்லை அது. நடுவில் மெல்லியதாக ஏதோ நசுங்கிய கோடு. அதைத் துடைக்க விரலை விட்டபோது லிவருக்கு அடியில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு ஒரு விதை வந்தது. இரண்டு மூன்று இருந்தன. மிளகாய் விதை.

அவனைக் கூப்பிட்டு உள்ளங்கையில் காட்டினேன். “இங்க என்னடே வச்சிருந்த?”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்ததால் தயங்கினான். பிறகு சொன்னான்.

இந்த ஊரில் சனிக்கிழமை காலையில் கடை கடையாக நிம்பு மிர்ச்சி கொண்டு வருவார்கள். மெல்லிய இரும்புக் கம்பியில் ஒரு கரித்துண்டு, ஒரு எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய் என்று கோத்தது. கண் படாமல் இருக்க வாசலிலும் வண்டியிலும் கட்டுவது. என் ஷட்டரிலும் தொங்குகிறது. அந்த அம்மாளுக்கு அதில் மிகுந்த நம்பிக்கை. முன்னால் அது வண்டியின் பம்பரில்தான் தொங்கியது. ஆபீஸ் வேலை பார்க்கும் அவருடைய மகனுக்கு அது வெட்கமாக இருந்ததால் ஒருநாள் பிய்த்து எறிந்துவிட்டான். அதன் பிறகுதான் அந்த அம்மாள், யார் கண்ணிலும் படாமல் பானட்டுக்குள்ளே கட்டச் சொல்லியிருக்கிறார். யாராவது பார்த்துவிட்டால் அதன் பலன் போய்விடும் என்றாராம். அவனும் சனிக்கிழமைதோறும் புதிதாக வாங்கி, கம்பியைச் சுற்றித் தொங்கவிட வாகாக இருந்த அந்த லிவர் பக்கத்துக் கொக்கியிலேயே கட்டியிருக்கிறான்.

“அப்ப நான் பாக்கும்போது இல்லியே?”

“ஒங்ககிட்ட வரும்போது அவுத்துட்டுத்தான் அத்தான் வருவேன். நீங்க பாத்துரக் கூடாதுல்லா. திரும்பிப் போவும்போது கட்டிருவேன்.”

விபத்து நடந்ததும், பின்சீட்டில் இருந்த அந்த அம்மாள் முதலில் சொன்னதும் அதைத்தானாம். அதை எடுத்து எறிந்துவிடு, அது வாங்க வேண்டியதை வாங்கிவிட்டது என்று. அவன் சந்து முனையில் கொண்டு போய் எறிந்திருக்கிறான்.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் இன்னொரு தடவை யாருக்கும் ஒன்றும் சொல்ல நான் தயாராக இல்லை. என் ஷட்டரில் தொங்கியதையே அவிழ்த்து அவனிடம் கொடுத்து, எப்படிக் கட்டுவாயோ அப்படியே கட்டு என்றேன். கட்டினான். ஸ்டார்ட் செய்தோம். ரேஸ் ஏறவில்லை. ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிடச் சொன்னேன். ஏறவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னேன். இந்தத் தடவை கம்பியின் முனை கொஞ்சம் நீளமாக விட்டுப் போயிருந்தது. மிதித்து விட்டான். லிவர் திரும்பி வந்தது. கம்பி நடுவில் மாட்டிக்கொண்டது. லிவர் திருகாணியில் முட்டவில்லை.

இஞ்சின் இறங்காமல் இரைந்துகொண்டே நின்றது. டிங்கர் சுத்தியலோடு வந்து எட்டிப் பார்த்தார். மச்சினன் சீட்டில் இருந்து இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். யாரும் மிதிக்கவில்லை என்று நாங்கள் பார்க்க வேண்டும் என்று அப்படி நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கேக்கா அத்தான், கேக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்கிறது என்றேன்.

பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அந்தக் கம்பியைக் கட்டியது அவன் கைதான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் போய்ப் பழைய சீட்டில் உட்கார்ந்தான்.

இரண்டு பேருமாக அண்ணாச்சி கடைக்குப் போனோம். வழி நெடுக என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எங்களைப் பின்பக்கம் அப்பளக் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். சட்டைப் பையில் இருந்த கம்பியை எடுத்துக் காட்டிச் சொன்னேன். தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். ஆனால் எதையும் விடாமல் சொன்னேன். யார் கட்டச் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கம்பியை வாங்கி நீட்டிப் பார்த்தார். “யாரு கட்டச் சொன்னா?” என்றார். நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

“அவதானா” என்றார்.

பிறகு அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“தம்பி, அன்னையிலருந்து அவ அந்த வாட்ச்மேன் கால நெனச்சு ஒழுங்கா சாப்புடல. அந்தப் பழம் இல்லேன்னா அவன் உசுரே போயிருக்கும், நல்லவேளை காலோட போச்சுன்னு சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டு இருக்கா. அந்தப் பழந்தான் கால ஒடிச்சதுன்னு நான் போயிச் சொல்லவா? இருக்க ஒடம்புக்கு அத அவ தாங்குவாளா?”

அந்த அம்மாளை நான் ஓரிரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப் போன கையில் முந்தானையைப் போட்டு மூடியிருப்பார்.

அண்ணாச்சி மச்சினன் பக்கம் திரும்பினார். “ஏல, நீ குடிக்கலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?”

“போதும் அண்ணாச்சி” என்றான்.

யோசிக்கவே இல்லை. போதாது என்று எனக்குப் பட்டது. ஆனால் அவனே போதும் என்ற பிறகு, அதுவும் அவர் கடையில் நின்றுகொண்டு, நான் என்ன சொல்ல முடியும். கட்டடத்தில் விட மாட்டார்கள், வண்டி ஓட்ட முடியாது, குர்லா குடோனில் ஒரு ஆள் வேண்டும், அங்கே இரு, வெளி ஆட்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். அவன் தலையாட்டினான். கம்பியை அண்ணாச்சி திருப்பிக் கொடுக்கவில்லை. மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போதெல்லாம் அந்த அம்மாள் சீட்டில் சாய்ந்துகொண்டு, இன்றைக்கும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம், எல்லாம் அந்தப் பழம்தான் என்று சொல்வாராம். “அத நான் எப்படி அத்தான் புடுங்கிப் போடுறது?” என்றான்.

வாட்ச்மேனுக்குக் கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் காலை வைத்துக்கொண்டு வாசலில் நிற்க முடியாது என்று வேறு ஆளைப் போட்டார்கள். அவர் தன் ஊருக்குப் போய்விட்டார். ஒரு குடிகாரன் தன் காலை ஒடித்தான் என்றுதான் அங்கே சொல்லிக்கொண்டிருப்பார்.

வண்டிக்குப் புது டிரைவர் வந்தான். பீகார் பையன். ஒரு தடவை ஆயில் மாற்றக் கொண்டு வந்தபோது பானட்டைத் திறந்தேன். அதே கொக்கியில் புது எலுமிச்சம்பழம் தொங்கியது. அவனுக்கு என்னிடம் மறைக்க வேண்டும் என்று தோன்றியிருக்காது போல. நான் அதை அவிழ்த்து, லிவருக்குச் சம்பந்தமே இல்லாத மறுபக்கம் பேட்டரி கிளாம்பில் கட்டி, இனி இங்கேதான் கட்ட வேண்டும் என்று இந்தியில் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சூடு படாமல் இருக்கும் என்றேன்.

மச்சினன் குடோனில் மூட்டை ஏற்றி இறக்கினான். கோவண்டி வீட்டுக்குத் தனியாகப் போகப் பிடிக்காமல் பல நாள் குடோனிலேயே படுத்துக்கொண்டான். குடிக்கவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அப்போதும் நான் மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திலக் நகருக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, சரி என்று மூடிவிட்டாளாம். வெளி ஆட்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் அண்ணாச்சி சொன்னார், பெண்டாட்டி வெளி ஆள் இல்லையே என்று நான் நினைத்தேன். நான் போய்ச் சொன்னால் கேட்பாள் என்று என் மனைவியும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். என் மனைவி கீழேயே நின்றுகொண்டாள். அவளுக்கும் தம்பி மனைவிக்கும் போனில் வார்த்தை தடித்துப் போயிருந்தது. நான் மட்டும் மாடி ஏறினேன். மச்சினன் மனைவியின் அண்ணன் வெளியே போயிருந்தார். வாங்கண்ணே என்று நாற்காலி போட்டாள். டீ போட்டுக் கொண்டு வந்தாள். பிள்ளை உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தது. இந்திப் படம்.

நான் லிவர், திருகாணி, கம்பி, விதை, கடையில் அண்ணாச்சி கேட்டது, அவன் போதும் என்றது எல்லாவற்றையும் சொன்னேன். கையாலேயே காட்டினேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியது கிடையாது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அண்ணே, மொதல்ல நீங்க என்ன சொன்னீங்க?” என்றாள்.

“கோளாறு இல்லன்னு.”

“அதுக்கு மொத நாளு மைனி எனக்குப் போன் போட்டாக. கோளாறு இருக்குன்னு அவுக சொல்லுவாக, பொறுன்னாக. மறுநாளு நீங்க இல்லன்னுட்டீங்க. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. அதான் நான் பொறப்பட்டு வந்தேன். இப்ப இத்தன நாளு கழிச்சு வந்து, மைனி அன்னைக்குச் சொன்னதையே நீங்க சொல்லுதீங்க.”

என் மனைவி செய்த அந்தப் போன் பற்றி எனக்கு அன்றுதான் தெரியும். எனக்குத் தெரியாது என்று சொன்னாலும் நம்புகிற மாதிரி இருக்காது. நான் டிங்கரைக் கேட்டுப் பார், அவர் பார்த்தார் என்றேன். அவரும் ஒங்க ஆளுதானண்ணே என்றாள். அண்ணாச்சிக்குத் தெரியும் என்றேன்.

“தெரிஞ்சா ஏன் சொல்ல மாட்டேங்காக? குடிக்காத மனுசன் எதுக்கு அந்தப் பேரச் சொமந்துக்கிட்டு மூட்ட தூக்குதாக?”

அண்ணாச்சி வீட்டு அம்மாளைப் பற்றி ஏற்கெனவே சொன்னதை மறுபடி சொன்னேன். அவர் உடம்பு, அவர் நம்பிக்கை, அது உடைந்தால் தாங்க மாட்டார் என்பது. அவள் டீ தம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சரி. நீங்க சொல்லுதது அம்புட்டும் நெசம்னே வச்சுக்கிடுவோம். அந்தம்மா மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு பாத்துருக்காக. நல்லது.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அங்க நின்னு போதும்னு சொல்லும்போது, நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு அவுகளுக்கு நெனப்பு வந்துச்சா? நீங்க பக்கத்துலதான நின்னீங்க. சொல்லுங்க.”

நான் அன்று கடையில் அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அவன் யோசிக்கவே இல்லை. அதை இவளிடம் எப்படிச் சொல்வது. அவனுக்காக நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாரேன்மா என்று எழுந்தேன். வாங்கண்ணே, மைனியக் கேட்டேன்னு சொல்லுங்க என்றாள். உள்ளே எட்டி, மாமாவுக்கு டாட்டா சொல்லு என்றாள். பிள்ளை டிவியில் இருந்து திரும்பாமலே கையை ஆட்டியது.

என் மனைவி கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

“என்ன சொன்னா?”

“டீ குடுத்தா” என்றேன்.

இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். குர்லாவில் இறங்கி மச்சினனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் கிளம்பும்போது பேசி வைத்திருந்தோம். ரயிலில் குர்லா வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.